தங்கைக்காகப் பெரிதாக்கிய குளியலறை

நாலடி நீளம், மூன்றரை அடி அகலம். முதலில் நான் முழம் போட்டு அளந்தேன். பிறகு கொத்தனார் கயிறு பிடித்து அளந்தார். அதையும் நம்பாமல் என் கணவர் ஆபீசிலிருந்து கொண்டுவந்திருந்த அடிக்கோலை எடுத்துக்கொண்டு போய் நானே மறுபடி அளந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே நாலடி, அதே மூன்றரை அடி. அளக்க அளக்க இடம் கூடும் என்று எந்த மடச்சியாவது நினைப்பாளா? நான் நினைத்தேன்.

அம்பத்தூரில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு. அதன் கொல்லையில், சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தது அந்தக் குளிக்கிற அறை. நாட்டு ஓடு போட்ட தாழ்வான கூரை. ஜன்னல் கிடையாது. ஒரு மூலையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அடுப்பு, அதன் மேல் வெந்நீர் அண்டா. வருஷக்கணக்காக எரிந்த சவுக்கு விறகின் கரி நாலு சுவரிலும் அப்பியிருந்தது. கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே போனவள் வாளியை ஓரமாகத் தள்ளி, அடுப்போடு ஒண்டி நின்று, அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்த முடியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில்தான் குளித்தேன். குறை சொல்லத் தோன்றியதே இல்லை. குளிக்கிற இடத்தில் பாய் விரித்துப் படுக்கவா போகிறோம்?

என் தங்கை ரங்கூனிலிருந்து வந்த பிறகுதான் அந்த அறை சின்னதாகிவிட்டது.

அவள் கணவருக்கு ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் கணக்கு வேலை. கல்யாணமான மூன்றாம் மாதம் அவளையும் கூட்டிப்போனார். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும், கிடைத்த ஒரு டிக்கெட்டில் அவளை மட்டும் கப்பலேற்றிவிட்டு, அடுத்த கப்பலில் வருகிறேன் என்று துறைமுகத்தில் நின்றுவிட்டார். அடுத்த கப்பல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவர் வரவில்லை, கடிதமும் வரவில்லை. பிறகு கப்பலும் நின்றுபோயிற்று.

திருநின்றவூரில் எங்கள் அப்பா அம்மா இருந்த வீடு அவர்கள் காலத்தோடு கைமாறிப் போயிருந்தது. அவளுடைய மாமனார் ஒரு கார்டு போட்டார்: மகன் வந்து கூட்டி வரட்டும், தனியாக அனுப்ப வேண்டாம். ஆக, உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே கூரை என் வீட்டுக் கூரை. அந்தக் கூரையும் என் கணவர் முகத்தைப் பொறுத்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சுத்தம் என்றால் உயிரை விடுவார். காலையில் நாலரைக்கே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பட்டணத்துக்கு ரயிலேறுகிற மனிதர்.

வந்த முதல் வெள்ளிக்கிழமை, அண்டா நிறைய வெந்நீர் போட்டு, எண்ணெயும் சிகைக்காயும் எடுத்துவைத்து, "வாடி, தலைக்கு ஊத்தி விடறேன். கப்பல் அழுக்கெல்லாம் போகட்டும்" என்று கூப்பிட்டேன். வாசல்படி வரை வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"இதுக்குள்ள மூச்சு முட்டுது அக்கா. நான் அப்புறமா குளிச்சுக்கறேன்."

பாவம், கப்பலின் அடித்தட்டில் மூட்டையோடு மூட்டையாக எத்தனை நாள் அடைந்து கிடந்தாளோ, அதற்கு முன்னால் குண்டுக்குப் பயந்து எந்தக் குழியில் பதுங்கினாளோ என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் நானே கட்டிய கதை. கட்டிய பிறகு அதைச் சத்தியமாக நம்பினேன்.

ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. விடியற்காலையில் கிணற்றடி மறைவில் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். கிணற்றடியில் நின்று ஊற்றிக்கொள்ளவும் வழியில்லை. பட்டணத்திலிருந்து யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் பக்கத்து வீட்டை மாடிவரை நிரப்பியிருந்தார்கள். எந்நேரமும் அங்கே நாலு ஆண்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். தங்கையின் தலை சிக்குப் பிடித்து, பிசுக்கேறி, கிட்டே போனால் வாடை அடிக்க ஆரம்பித்தது. என் கணவர் சாப்பிடும் நேரத்தில் அவள் குறுக்கே போனால் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

"இந்த வீட்டில் நானும் குழந்தைகளும் இருக்கோம். ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் ஒருநாள்.

அன்றுதான் கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தவர் தலையைக் குனிந்து உள்ளே போய், நிமிர்ந்து, ஓட்டில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாம்மா இது, அடுப்புக்கு ஊடு கட்டிக்கீறாங்களா, ஆளுக்கு ஊடு கட்டிக்கீறாங்களா?"

"பெரிசாக்கணும்."

"எப்டிம்மா? இந்தப் பக்கம் இடிச்சா சமையலுள்ளு. அந்தப் பக்கம் இடிச்சா பக்கத்து ஊட்டுக்காரன் என்னை இடிப்பான். நாலடி நாலடிதாம்மா."

"பெரிசாக்க வேண்டாம். பெரிசாத் தெரிஞ்சா போதும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். "அப்ப முதல்ல அந்த அடுப்பைத் தூக்கு" என்றார்.

அடுப்பை உடைத்து வெளியே போட்டோம். அண்டா முருங்கை மரத்தடிக்குப் போயிற்று. கதவின் கீலைப் பெயர்த்து, வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றினார். அதிலேயே உள்ளே ஒருத்தி தாராளமாகத் திரும்பி நிற்க இடம் வந்துவிட்டது. துணி போடும் கொடியை அறுத்து, கதவுக்கு வெளியே ஆணி அடித்துக் கட்டினேன். குறுக்கே கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு துணிகூடத் தொங்கக் கூடாது என்று எனக்கே தோன்றியது. சுவரில் இருந்த கரியை நானும் என் பெரிய பெண்ணும் தேங்காய் மட்டையால் இரண்டு நாள் தேய்த்தோம். நகக்கண்ணெல்லாம் கறுத்துப் போயிற்று. பிறகு சுண்ணாம்பு மூன்று கை அடித்தோம், கடைசிக் கையில் கொஞ்சம் நீலம் கலந்து.

ஓட்டுக்கு நடுவே இரண்டு இடத்தில் கண்ணாடி பதித்தால் வெளிச்சம் இறங்கும், வெளிச்சம் இறங்கினால் அறை இரண்டு பங்காகத் தெரியும் என்றார் கொத்தனார். யுத்த காலத்தில் கண்ணாடிக்கு எங்கே போவது? கூடத்தில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றினேன். பட்டணத்து ஸ்டூடியோவில் சட்டம் போட்டு வாங்கிய பெரிய போட்டோ. அதன் கண்ணாடியை உருவிக் கொடுத்தேன். அவர் இரண்டாக அறுத்துப் பதித்தார். அன்றைக்குச் சாயங்காலம் என் கணவர் வெறும் அட்டையாய்த் தொங்கிய எங்களைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு கண்ணாடியை எதிர்ச்சுவரில் மாட்டினால் இடம் நீண்டு தெரியும் என்று எனக்கே ஒரு யோசனை. என் கணவரின் சவரக் கண்ணாடியை அங்கே மாட்டினேன். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள யாரோ நின்னுகினு பாக்கற மாதிரி கீது அக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கண்ணாடியைக் கழற்றினேன்.

இவ்வளவுக்கும் பிறகு அவளால் மறுக்க முடியவில்லை. உச்சி வெயில் நேரத்தில், மேலே இருந்து இரண்டு கட்டமாக வெளிச்சம் விழ, சுவர் வெள்ளைவெளேரென்று நிற்க, அது எங்கள் வீட்டு அறை மாதிரியே இல்லை. உள்ளே போனாள். கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு குளித்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நான் சமையலறையில் நின்று அழுதேன். வெளியே வந்தாள். உடம்பு ஈரமாக இருந்தது. தலை மட்டும் அப்படியே, அதே சிக்கோடு, காய்ந்து கிடந்தது.

"தலைக்கு?"

"இன்னொரு நாளைக்கு அக்கா."

இன்னும் அறை போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பாருங்கள் என் புத்தியை. தலையில் தண்ணீர் விழும்போது கண்ணை மூட வேண்டும், மூடினால் மூச்சு முட்டும், அதனால் பயப்படுகிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கூரையை ஒரு முழம் தூக்கிக் கட்டலாமா என்று கொத்தனாரிடம் கேட்டு வைத்தேன்.

கூரை உயரவில்லை. இருந்த வெளிச்சமும் போயிற்று. விளக்குக் கட்டுப்பாடு வந்திருந்த நேரம் அது. என் கணவர் விடியுமுன்னே அரிக்கேன் விளக்கோடு உள்ளே போய்க் குளித்தபோது, கண்ணாடி வழியாக வெளிச்சம் மேலே தெரிந்திருக்கிறது. ரோந்து வந்த ஆள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். "ஏரோப்ளேன்காரனுக்கு வழி காட்டறீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே என் கணவர் ஏணி போட்டு ஏறி இரண்டு கண்ணாடிக்கும் தார் பூசினார். அவர் கீழே இறங்கும்போது அந்த அறை பழையபடி இருட்டுக் குகை. தங்கையும் பழையபடி வாசல்படியில் நின்றாள். "முடியல அக்கா" என்றாள்.

ஆடி மாதம் பிறந்தது. என் இரண்டு பெண்களின் தலையிலும் பேன். சீப்பு வைத்து வாரினால் மடியில் பொலபொலவென்று கொட்டும். சித்தியோடு படுக்காதே என்றால் கேட்கிற பெண்களா? என் கணவர் நாவிதரை அழைத்துவந்து இரண்டு பேருக்கும் மொட்டை போட்டார். பெரியவளுக்கு இடுப்பு வரை முடி. அது சுருள் சுருளாகக் கொல்லையில் விழுந்ததைத் தங்கையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஓடிப்போய்த் தலையில் ஒரு செம்பு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை அவளை மாமனார் வீட்டில் கொண்டுபோய் விட்டுடறேன்" என்றார் என் கணவர். "அவங்க கதவைத் திறந்தாலும் சரி, திறக்காட்டியும் சரி." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நான் பயந்தேன்.

பூந்தமல்லியில் ஒரு பாய், ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர், காடு மலையெல்லாம் நடந்தே வந்து சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தங்கை கணவரைப் பற்றி ஒரு நல்ல சேதி கிடைத்தால் என் கணவரிடம் காட்டி இன்னும் ஒரு மாதம் தவணை கேட்கலாம். சனிக்கிழமை காலை, சாப்பிடாமல்கூட ஜட்கா பிடித்துக்கொண்டு போனேன்.

அந்த மனிதர் எலும்பும் தோலுமாகக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எனக்காகக் கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்தார். மில்லைத் தெரியும், தெருவைத் தெரியும் என்றார். நெற்றியைத் தேய்த்து வெகுநேரம் யோசித்தார்.

"நான் பாக்கலைம்மா. இருக்காருன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. வழியில எத்தனையோ பேரு. அல்லா காப்பாத்தணும்."

வெயிலில் திரும்பி வந்தேன். ஜட்கா ஆடிய ஆட்டத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. பசி கண்ணை அடைத்தது. வாசலில் இரண்டு மொட்டைத் தலைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. கொல்லைக்குப் போனேன். தங்கை கிணற்றடியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து அந்த வாடை வந்தது.

"பூந்தமல்லில இன்னா சொன்னாங்க அக்கா?"

ஒன்றும் தெரியாதாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே நின்றது. ஐந்து மாதம். அடுப்பு, கதவு, சுண்ணாம்பு, கண்ணாடி, என் குழந்தைகளின் முடி. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இவளுக்காக நான் இன்னும் எதை உடைக்க வேண்டும் என்று எனக்கு வெறுப்பு வந்தது.

"சொல்லிட்டாங்களா?" என்றாள்.

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். களைப்பில் தாழ்ந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். அப்படித் தாழ்த்தினால் அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும்.

முறத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். கிணற்றிலிருந்து இரண்டு வாளி இறைத்தாள். வெந்நீர் கேட்கவில்லை, எண்ணெய் கேட்கவில்லை. கட்டிய புடவையோடு இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தார் பூசிய கூரையின் கீழ், அந்தக் கும்மிருட்டில், ஒரே மூச்சாக ஒரு வாளித் தண்ணீரும் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது. மூச்சு முட்டுகிறவள் இப்படித் தாழ் போட்டுக்கொள்வாளா என்ற கேள்வி அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது.

சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். நெற்றியில் குங்குமம் இல்லை.

"அவரு வந்து சேர்ற வரைக்கும் தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு இருந்தேன் அக்கா. ஊருக்குக் கெளம்பினவங்க போய்ச் சேர்றதுக்கு முன்னால ஊட்ல இருக்கறவங்க தலைக்கு ஊத்திக்கக் கூடாதில்ல? வாய்விட்டுச் சொன்னா அதுவே கெட்ட சொல்லாயிடும்னுதான் ரூமு மேல பழியைப் போட்டேன். இனிமே இன்னா."

எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால் உடனே வீட்டைப் பெருக்க மாட்டோம், தலைக்கு ஊற்றிக்கொள்ள மாட்டோம். பிணம் வெளியே போன வீட்டில்தான் அப்படிச் செய்வார்கள். அப்பா காஞ்சிபுரம் போனால் அவர் போய்ச் சேரும் பொழுது வரை அம்மா காத்திருப்பாள். என் கணவர் வெளியூர் போனால் நானும் அரை நாள் காத்திருப்பேன். அரை நாளில் முடிகிற வழக்கத்தை ஒருத்தி ஐந்து மாதமாகப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குப் படவில்லை. அவர் இன்னும் வழியில் இருக்கிறார் என்று அவள் கணக்கு. நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். அவர் செத்தார் என்று யாரும் சொல்லவில்லையடி, நான்தான் பாவி என்று காலில் விழுந்திருக்கலாம். அதற்குள் அவள் உடைந்து அலற, அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். சாயங்காலம் என் கணவர் வந்தார். ஈரத் தலையோடு சுவரோரம் கிடந்தவளைப் பார்த்தார்.

"பாவம். இனிமே அவ இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

ஐந்து மாதமாக நான் தவம் கிடந்த வார்த்தை அது. அதைக் கேட்ட பிறகு என் வாய் திறக்கவில்லை. சாவுச் சேதி பூந்தமல்லியில் ஒருவர் மூலம் தெரிந்தது என்று அவர் தன் கையால் மாமனாருக்குக் கார்டு எழுதினார். நான்தான் தபால்பெட்டியில் போட்டேன். பத்தாம் நாள் ஏரிக்கரையில் அவள் வளையலை உடைத்தார்கள். தாலியைக் கழற்றியபோது நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அவள்தான் வீட்டில் முதலில் குளிப்பாள். தலை சுத்தமாயிற்று. பெண்களுக்கு முடி வளர்ந்தது. வீட்டில் சண்டை இல்லை. இவ்வளவு அமைதியாக நாங்கள் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை.

யுத்தம் முடிந்தது. பர்மாவில் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் கப்பல் கப்பலாக வரத் தொடங்கினார்கள். செத்துவிட்டார் என்று வீட்டார் திவசமே கொடுத்துவிட்ட ஒருவர் வேப்பம்பட்டில் தன் வீட்டு வாசலில் வந்து நின்றார் என்று சொன்னார்கள். தங்கை அதைக் கேட்டுவிட்டு, "கொடுத்து வெச்சவங்க" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் புதிதாக ஒரு செருப்புச் சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் வியர்க்கும். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையார் முன்னால் நின்று, அந்த மனிதர் உயிரோடு வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் கூடப்பிறந்தவளின் புருஷன் செத்திருக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் வரவில்லை.